ஊர் கேட்கும் ஒலிவாங்கி

எமது இலக்கியக் கூட்டங்களில் அண்மைக் காலமாக ஒரு முறைப்பாடு தவறாது ஒலிக்கின்றது. இளந்தலைமுறையினர் நூல்களைக் கைவிட்டு ஜப்பானியச் சித்திரப் படங்களில் மூழ்கிக் கிடக்கின்றனர் என்பதும், அது போதாதென்று அப்படங்களைப் பற்றி மணிக்கணக்காக ஒலிவாங்கியின் முன் அமர்ந்து அளவளாவி அதனையும் உலகெங்கும் பரப்புகின்றனர் என்பதும் அம்முறைப்பாட்டின் சாரம். இவ்வாறு கூறுவோருள் பெரும்பாலோர் அப்படங்களில் ஒன்றையேனும் பார்த்தவரல்லர். அவ்வுரையாடல்களில் ஒன்றையேனும் கேட்டவருமல்லர். கேளாமலே தீர்ப்புரைக்கும் உரிமை எமது விமரிசன மரபில் எவ்வாறோ நிலைபெற்றுவிட்டது.

அவர்களுக்கு மறுப்பாகவே இக்கட்டுரையைத் தொடங்கினேன். எழுதிச் செல்லுகையில் என் சினம் வேறொரு பக்கம் திரும்பிவிட்டதை ஒப்புக்கொள்ளவேண்டும். மூத்தோரின் அறியாமையைக் காட்டிலும், ஒலிவாங்கியைக் கையில் வைத்திருக்கும் இளைஞரின் ஒரு பழக்கமே எனக்கு இன்று பெரிய கேடாகத் தோன்றுகின்றது.

முதலிற் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பொட்காஸ்ட் எனப்படுவது, வேண்டியபோது வேண்டிய இடத்தில் கேட்கத்தக்கதாக இணையத்தில் இடப்படும் ஒலிநிகழ்ச்சியாகும். 2004ஆம் ஆண்டு பெப்ரவரியில் இங்கிலாந்தின் கார்டியன் நாளிதழில் பென் ஹமர்ஸ்லி எழுதிய கட்டுரையொன்றிலிருந்தே இச்சொல் பரவலாயிற்று என்பர். தமிழில் வலையொலி என்கின்றனர், நல்ல சொல். இதற்கு வானொலி நிலையத்தின் அனுமதியோ, குரற்றேர்வோ, கலையகமோ வேண்டியதில்லை. ஒரு கைத்தொலைபேசியும் சிறிதளவு டேட்டாவும் போதும். அனிமே என்பது ஜப்பானிய அசைவுச் சித்திரம். மங்கா என்பது ஜப்பானியச் சித்திரக் கதை. இவ்விரண்டின் இரசிகர் இருவரோ மூவரோ நிரந்தரத் தொகுப்பாளராக இருந்துகொண்டு, நிகழ்ச்சிதோறும் ஒருவரை அதிதித் தொகுப்பாளராக அழைத்துப் பேசுவதே பெரும்பாலான இவ்வலையொலிகளின் அமைப்பு. அதிதித் தொகுப்பாளர் பேட்டியளிக்க வந்தவரல்லர். அன்றைய நிகழ்ச்சியை ஏனையோருடன் சேர்ந்து நடத்துபவர். கேள்விக்கு விடை கூறுவதோடு கேள்வி கேட்கும் உரிமையும் அவருக்குண்டு. இவ்வுரிமைதான் இக்கட்டுரையின் பொருள்.

ஜப்பானியக் கதைகள் எமக்கு நேற்று வந்தவையல்ல. 1982ஆம் ஆண்டு பெப்ரவரியில் ரூபவாஹினிக் கூட்டுத்தாபனம் ஜப்பானின் உதவியோடுதான் ஒளிபரப்பைத் தொடங்கியது. 1983, 84ஆம் ஆண்டுகளில் ஜப்பானில் ஒளிபரப்பான ஒஷின் என்னும் தொடர்நாடகம் பின்னர் சிங்களக் குரலில் எமது வீடுகளுக்கும் வந்தது. அது சித்திரப் படமன்று. ஆயினும் இங்கு நினைவுகூரத்தக்கது. ஒரு மூடை அரிசிக்காக ஏழு வயதுச் சிறுமி பிறர் வீட்டு வேலைக்கு அனுப்பப்படும் கதை அது. தோட்டத்து லயங்களிலிருந்து கொழும்பு வீடுகளுக்குச் சிறுமியரை அனுப்பிவிட்டிருந்த தாய்மார், பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் அக்கதையைப் பார்த்து அழுதனர். அவ்வழுகையை எவரும் இலக்கிய இரசனை என்று பதிவுசெய்யவில்லை. பின்னர் டிஷ் அன்டெனா வந்தது. டோரேமொன், ஷின்-சான் முதலிய பாத்திரங்கள் இந்திய அலைவரிசைகள் வாயிலாகத் தமிழிற் பேசின. 2025 செப்டெம்பரில் டீமன் ஸ்லேயர் திரைப்படம் தமிழ்க் குரலுடன் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தபோது, அதை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள் இருபதாண்டுகளாக உருவாகி வந்த ஒரு பெரும் இரசிகர் கூட்டத்தினர். வலையொலி இக்கூட்டத்தின் வாய்.

இவ்வாய் பேசுவதில் அரட்டையும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. எந்தச் சஞ்சிகையில் அரட்டை இல்லை? ஆனால் நல்ல நிகழ்ச்சியொன்றை முழுமையாகக் கேட்பவர், ஒரு பாத்திரத்தின் வளர்ச்சியையும், காட்சி மாற்றத்தின் வேகத்தையும், மொழிபெயர்ப்பில் நிகழ்ந்த இழப்பையும் பற்றி இருபது வயது இளைஞர் எவ்வளவு நுணுக்கமாக வாதாடுகின்றனர் என்பதைக் கண்டு வியப்படைவர். எமது விரிவுரை மண்டபங்களில் புதுமைப்பித்தனைப் பற்றி அதே இளைஞரிடம் கேட்டால் குறிப்பேட்டை ஒப்புவிக்கின்றனர். ஒன்றில் அவர்கள் வாசகர், மற்றதில் பரீட்சார்த்திகள். வேறுபாடு பொருளில் இல்லை; பேசுவதற்கான உரிமை தமக்குண்டு என்ற உணர்வில் இருக்கின்றது.

மூத்தோருக்கு ஒரு சொல்லோடு அமைகின்றேன். அறுபதுகளின் தொடக்கத்தில் இந்நாட்டில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தை அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். உழைக்கும் மக்களின் பேச்சுமொழி கதைகளில் ஏறியபோது, இழிசனர் வழக்கு, இழிசனர் இலக்கியம் என்று பண்டிதர் பலர் முகஞ்சுளித்தனர். அப்பழிப்புரையை எதிர்த்து நின்றவர்களின் நூல்களே இன்று எமது பாடத்திட்டத்தில் இருக்கின்றன. புதிய வடிவமொன்றைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொள்வோர் வரலாற்றில் எப்பக்கம் நின்றனர் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி என் உண்மையான வழக்குக்கு வருகிறேன்.

எமது சமூகத்தில் எந்த விழாவும் பிரதம அதிதி இன்றி நடைபெறுவதில்லை. மங்கல விளக்கேற்றி, மாலையிட்டு, பொன்னாடை போர்த்தி, அவர் எந்த ஊரிற் பிறந்தார், எந்தக் கல்லூரியிற் கற்றார், யாருக்கு உறவினர் என்பதையெல்லாம் அரைமணி நேரம் விரித்துரைத்த பின்னரே அவர் வாய்திறப்பார். வாய்திறந்தபின் சொல்வதற்கு அவரிடம் எதுவும் இருப்பதில்லை. இருக்கவேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதுமில்லை. இப்பழக்கத்தைக் கேலிசெய்து வளர்ந்த இளைஞர், தமக்கென ஒரு மேடை அமைந்தவுடன் செய்தது என்ன? அதே பிரதம அதிதியை வலையொலிக்குள் அழைத்து வந்ததுதான். மாலை மட்டும் இல்லை. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், எந்த ஊர், எந்தப் பாடசாலை' என்ற பூர்வாங்கம் அப்படியே இருக்கின்றது. தம்மைப் போன்ற நண்பரையே மாறி மாறி அழைத்து ஒருவரையொருவர் புகழ்வதும் அப்படியே. கண்டியிற் பிறந்த பையன் ஒலிவாங்கியைக் கண்டவுடன் சென்னைத் தமிழுக்குத் தாவுவதைப் பற்றி வேறொரு கட்டுரை எழுதலாம். இங்கு அதை விட்டுவிடுகிறேன்.

ஊர் கேட்பதில் என்ன குற்றம் என்று வினவுவோருக்கு மஹய்யாவையைப் பற்றிச் சொல்லவேண்டும். கண்டி நகரின் மையத்திலிருந்து கட்டுகஸ்தோட்டைப் பக்கமாகச் செல்வோர் அவ்விடத்தைக் கடந்தே செல்கின்றனர். மாத்தளைக்குச் செல்லும் ரயில் பாதை அருகால் ஓடுகின்றது. நகரத்தின் பெரிய மயானம் அங்கேதான் உள்ளது. நகரத்தைத் துப்புரவு செய்வதற்கென்று ஆங்கிலேயர் ஆட்சியில் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் வழிவந்தோர் அங்கு நெருக்கமான குடியிருப்பொன்றில் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். நகரசபை கொடுத்த வேலை நகரசபை கொடுத்த வீட்டோடு பிணைந்திருந்தது. வேலையும் வீடும் சேர்ந்து சாதியைக் காத்துவைத்தன. தோட்டத் தொழிலாளரைப் பற்றி நூல்கள் எழுதியவர்கள்கூட நகரத்தின் நடுவிலிருந்த இத்தொழிலாளரைப் பற்றி அதிகம் எழுதவில்லை. பேராதனையிலிருந்து மஹய்யாவ பத்துக் கிலோமீற்றர்கூட இல்லை. அங்கிருந்து வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர், உறவினர் ஒருவரின் முகவரியை எழுதுவதுண்டு. காரணம் கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவர். நகரத்தார் அப்பெயரைச் சொல்லும் தொனியிலேயே காரணம் இருக்கின்றது.

அங்கு வாழும் இளைஞர் ஒருவரை எனக்குச் சில ஆண்டுகளாகத் தெரியும். உயர்தரம் வரை கற்றவர். நகரத்தில் கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றில் வேலை. அனிமே பற்றி அவரறிந்ததில் பத்திலொன்றை நான் அறியேன். ஒரு வலையொலியினர் அவரை அதிதித் தொகுப்பாளராக அழைத்தனர். தொகுப்பாளருள் ஒருவர் வெளிநாட்டில் இருப்பவர், ஒருவர் கொழும்பு, ஒருவர் கண்டியைச் சேர்ந்தவர். அன்றைய பொருள் ஹாஜிமே இசயாமா 2009 முதல் 2021 வரை வரைந்த அட்டாக் ஒன் டைட்டன் என்னும் மங்கா. அக்கதையை அறியாதோருக்கு ஒன்று சொல்லவேண்டும். அதன் பிற்பகுதியில், பிறப்பாற் குற்றவாளிகள் எனக் கருதப்படும் ஓரினத்தார் தனிக் குடியிருப்பொன்றுள் அடைக்கப்பட்டு வாழ்கின்றனர். வெளியே செல்லும்போது கையிற் பட்டி கட்டிக்கொள்ளவேண்டும். பட்டியைப் பார்த்த எவரும் அவர் யாரென்று அறிவர்.

நிகழ்ச்சியின் முதல் இருபது நிமிடங்கள் இக்கைப்பட்டியைப் பற்றியே கழிந்தன. எவ்வளவு கொடுமை, எவ்வளவு அநியாயம் என்று தொகுப்பாளர் மூவரும் மனமுருகினர். பின்னர், தாமதமாக இணைந்த அதிதியிடம் திரும்பினர்.

"தம்பி, நீங்கள் எந்த ஊர்?"

"கண்டி, அண்ணா."

"கண்டியில் எவடம்?"

"டவுனுக்குக் கிட்டத்தான்."

"டவுனுக்குக் கிட்ட எண்டால் எந்தப் பக்கம்? எனக்குக் கண்டி நல்லாத் தெரியும்."

சற்று நேரம் ஒலியில்லை. பின்னர் மஹய்யாவ என்றார். மறுபுறத்திலும் சற்று நேரம் ஒலியில்லை. கைப்பட்டியைக் கட்டிவிட்டார்கள். கட்டியதை அவர்கள் அறியவில்லை என்பதே எனக்குக் கவலை தருவது.

அதன்பின் நடந்ததையும் சொல்லவேண்டும். ஏனெனில் அவமதிப்பு என்று நாம் வழக்கமாகக் கருதும் எதுவும் அங்கு நிகழவில்லை. மாறாக, அன்பு பொங்கிவழிந்தது. அங்கிருந்துகொண்டு இதையெல்லாம் பார்க்கிறீர்களே, பெரிய விடயம் என்றனர். வீட்டில் எத்தனை பேர், இணைய வசதி எப்படி, படிக்க இடமிருந்ததா, இக்கதை உங்கள் வாழ்க்கையை நினைவூட்டியதா என்று வினவினர். எஞ்சிய நேரம் முழுவதும் இவ்வாறே கழிந்தது. அவர் குறித்துக்கொண்டு வந்திருந்தது வேறு. அக்கதையின் இறுதிப் பகுதி நாயகனை அழிப்பாளனாக்கியபோது, அதுவரை கதையைத் தாங்கிநின்ற ஒழுக்க நியாயம் உடைந்ததா, அல்லது தொடக்கத்திலிருந்தே அது பொய்யாக இருந்ததா என்பது அவர் வினா. அவ்வினாவைக் கேட்க அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதற்கு முந்திய வாரம் கொழும்பிலிருந்து வந்த அதிதியிடம் அவர் வீட்டில் எத்தனை பேர் என்று எவரும் கேட்கவில்லை. அவரிடம் கதையைக் கேட்டனர். இவரிடம் கஷ்டத்தைக் கேட்டனர்.

விமரிசனத்துறையில் இது புதிய அநீதியன்று. சிலர் கருத்துக் கூறுவோராகவும், சிலர் சாட்சியம் கூறுவோராகவும் முன்கூட்டியே பிரிக்கப்படுகின்றனர். முதலாமவர் உலகத்தைப் பற்றிப் பேசலாம். இரண்டாமவர் தம்மைப் பற்றி மட்டுமே பேசலாம். தலித் எழுத்தாளர் கவிதை வாசித்தால் அவருடைய வலியைப் பாராட்டுகிறோம், யாப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. மலையகப் பெண்ணொருவர் சிறுகதை எழுதினால் கொழுந்துக்கூடை எங்கே என்று தேடுகிறோம். வலையொலியில் இப்பிரிவினை இல்லாதொழியும் என்று நம்பியவர்களுள் நானும் ஒருவன். முகம் தெரியாது, சான்றிதழ் கேட்பாரில்லை, குரலும் வாதமும் மட்டுமே. அவ்வாய்ப்பை மூன்றே கேள்விகளில் கெடுத்துவிடுகின்றனர்.

நகைப்புக்கிடமானது யாதெனில், இவர்கள் கொண்டாடும் கலையே இக்கேள்வியைப் பற்றி இவர்களைவிட ஆழமாகச் சிந்தித்திருக்கின்றது என்பதுதான். மங்காவின் தந்தை எனப் போற்றப்படும் ஒசாமு தெசுகா, 1972இலிருந்து 1983வரை புத்தர் என்னும் நெடுங்கதையை வரைந்தார். புத்தரின் தந்ததாதுவைப் போற்றும் எமது நகரத்தில் அதனை வாசித்தோர் எத்தனை பேர்? கதை சித்தார்த்தரிலிருந்து தொடங்கவில்லை. தீண்டாச் சாதிச் சிறுவன் தத்தனிடமும், அடிமையாகப் பிறந்த சாப்ராவிடமும் தொடங்குகின்றது. சாப்ரா கோசல நாட்டுச் சேனாதிபதியின் உயிரைக் காத்து, தன் பிறப்பை மறைத்து, அவருடைய வளர்ப்பு மகனாகி உயர்கின்றான். அவன் வீரத்தில் எவரும் குறை காணவில்லை. அவன் தாயை அடையாளம் கண்டபோதுதான் அனைத்தும் முடிகின்றது. தாயும் மகனும் உயிரிழக்கின்றனர். 2011இல் இக்கதை திரைப்படமாக வந்தபோது, சித்தார்த்தருக்கு நிகரான இடம் சாப்ராவுக்கு வழங்கப்பட்டது. இந்நாட்டில் கே. டானியலின் பஞ்சமர் நூலுருப்பெற்றதும் 1972ஆம் ஆண்டிலேயே. ஒருவரையொருவர் அறியாத இருவர், கடலுக்கு இருபுறமும் இருந்து, ஒரே காலத்தில் பிறப்பின் கணக்கைக் கேட்டிருக்கின்றனர். ஒப்பியல் ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவருக்கு இதை இலவசமாகக் கொடுக்கிறேன்.

தெசுகா இந்தியாவின் சாதியை வரைந்தார். சன்பெய் ஷிராட்டோ தம் நாட்டின் சாதியையே வரைந்தார். 1964ஆம் ஆண்டு கட்சுயிச்சி நகாய் என்பவர் காரோ என்னும் சஞ்சிகையைத் தொடங்கியதற்கு முதன்மையான காரணமே ஷிராட்டோவின் கமுய் கதையை வெளியிடுவதுதான். 1971வரை தொடர்ந்த அக்கதையின் நாயகன் ஹினின் என்னும் வகுப்பிற் பிறந்தவன். அச்சொல்லின் நேர்ப்பொருள் மனிதரல்லாதோர் என்பதாகும். அக்காலத்து ஜப்பானியப் பல்கலைக்கழக மாணவர் போராட்டத்துக்குச் செல்லும்போதும் இச்சஞ்சிகையைக் கையில் வைத்திருந்தனர். சித்திரக் கதை சிறுவருக்குரியது என்போர் இதனைச் சற்றே சிந்திப்பாராக.

ஜப்பானில் அவ்வகுப்பினரின் சட்டபூர்வமான இழிநிலை 1871இல் ஒழிக்கப்பட்டது. ஒழித்தபின் அவர்களை எவ்வாறு அடையாளம் கண்டனர்? முகத்தில் வேறுபாடில்லை, மொழியில் இல்லை, மதத்தில் இல்லை. ஊர்தான் இருந்தது. புராகு என்றால் குடியிருப்பு, சிற்றூர் என்பதே பொருள். புராகுமின் என்றால் குடியிருப்பு மக்கள். தமிழிற் சேரி என்ற சொல்லுக்கு நேர்ந்ததும் இதுவே. பழந்தமிழில் மக்கள் சேர்ந்து வாழும் எந்த இடமும் சேரிதான். பின்னர் சிலர் வாழும் இடம் மட்டும் சேரியாயிற்று. குற்றமற்ற இடப்பெயர் ஒன்றை வசைச்சொல்லாக மாற்றும் வித்தையை இரு நாட்டாரும் தனித்தனியே கற்றிருக்கின்றனர். 1975ஆம் ஆண்டு ஜப்பானில் ஒரு செய்தி வெளிவந்தது. புராகு மக்கள் வாழும் ஊர்களின் பெயர்களையும் அமைவிடங்களையும் தொகுத்த பட்டியல்நூல் ஒன்று இரகசியமாக விற்கப்பட்டதும், இருநூற்றுக்கு மேற்பட்ட கம்பனிகள் அதனை வாங்கியிருந்ததும் தெரியவந்தன. வேலைக்கு விண்ணப்பித்தவரின் முகவரியை அந்நூலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே நோக்கம். கண்டி நகரத்தாருக்கு அத்தகைய நூல் தேவைப்படவில்லை. நகரம் சிறியது, எல்லோருக்கும் மனப்பாடம். "எனக்குக் கண்டி நல்லாத் தெரியும்" என்று அத்தொகுப்பாளர் சொன்னாரே, அந்த வாக்கியத்துக்குள் அந்நூல் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

என் கருத்துக்கு எதிராக இரண்டு வாதங்கள் எழும். இலக்கியத்துக்கு மண்வாசனை வேண்டாமா, ஊரற்ற குரல் வேரற்ற குரலல்லவா என்பது முதலாவது. இலங்கை வானொலியின் பொற்காலத்தை இதற்குச் சான்றாகக் காட்டுவர். எஸ். பி. மயில்வாகனம் தொடங்கி கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் வரை, அறிவிப்பாளர்கள் பாடல் விரும்பிய நேயர்களின் பெயர்களை ஊர்ப்பெயரோடு வாசித்தபோது சின்னஞ்சிறு கிராமங்கள் பெருமையில் மிதந்தன. உண்மை. நானும் வானொலிப் பெட்டியின் அருகே காதை வைத்துக் காத்திருந்தவன்தான். ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த அஞ்சலட்டையில் ஊரை எழுதியவர் நேயர். மஹய்யாவ என்று எழுதுவதா, கண்டி என்று எழுதுவதா, வீதியின் பெயரை மட்டும் எழுதுவதா என்பதை அவரே தீர்மானித்தார். அறிவிப்பாளர் எழுதியிருந்ததை வாசித்தார். எழுதாததை நோண்டிக் கேட்கவில்லை. தானே சொல்லும் ஊர் முகவரி. பிறர் பிடுங்கும் ஊர் வாக்குமூலம். மேலும், இந்த மண்வாசனை எல்லோரிடமும் சமமாகக் கேட்கப்படுகின்றதா? கொழும்பு ஏழிலிருந்து வருபவரிடம் மண் மணக்கவேண்டும் என்று எவர் கேட்டார்?

இரண்டாவது வாதம் இதைவிடக் கூர்மையானது. மறைப்பது அடங்கிப்போவதாகாதா, மஹய்யாவையார் தம் ஊரை ஓங்கிச் சொன்னாலன்றோ இழிவு நீங்கும் என்பர். சாப்ராவின் முடிவையும் எடுத்துக்காட்டுவர். மறைத்தவன் மறைவினாலேயே அழிந்தான் என்பர். அக்கதையை நான் அவ்வாறு வாசிக்கவில்லை. சாப்ராவை அழித்தது அவன் மறைத்தமை அன்று, கண்டுபிடித்தவர்களுக்கு அதனால் ஒரு பயன் இருந்தமை. ஊரைச் சொல்வது வீரம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவ்வீரத்தைக் காட்டும் நாளையும் இடத்தையும் தீர்மானிக்கவேண்டியவர் அவ்வூரார். பிறருடைய நிகழ்ச்சிக்கு உருக்கம் சேர்ப்பதற்காக அவ்வீரத்தை ஒருவரிடமிருந்து அறவிடுவது விடுதலையன்று, வரி.

என் கையும் சுத்தமானதன்று. மேற்சொன்ன நிகழ்ச்சிக்குப் பின் ஒருநாள் அவ்விளைஞரோடு உரையாடிக்கொண்டிருந்தேன். 1963ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி ஒளிபரப்பைத் தொடங்கிய தெசுகாவின் அஸ்ட்ரோ போய் தொடரைப் பற்றி விளக்கினார். பணமும் நேரமும் போதாமையால் தெசுகாவின் நிறுவனம் சித்திரங்களின் எண்ணிக்கையைக் குறைத்தது; அசையாத படத்தின்மேல் கமராவை நகர்த்தியது; வாயை மட்டும் அசைத்தது; வரைந்த காட்சிகளைச் சேமித்துவைத்து மீண்டும் பயன்படுத்தியது. குறையாகத் தொடங்கிய அவ்வசைவின்மை நாளடைவில் அனிமேயின் அழகியலாகவே மாறியதென்றும், நெடுநேரம் அசையாதிருந்து திடீரெனப் பாயும் அந்தத் தாளம் அங்கிருந்தே வந்ததென்றும் அவர் விளக்கியபோது எனக்கு மெய்சிலிர்த்தது. உடனே, "இல்லாமைக்குள் வாழ்ந்தவர்களுக்குத்தான் இது விளங்கும்" என்றேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "இல்லை சேர், மூன்று தரம் திரும்பத் திரும்பப் பார்த்தால் யாருக்கும் விளங்கும்" என்றார். அவருடைய உழைப்பை நான் அவருடைய பிறப்புக்குக் கொடுத்துவிட்டிருந்தேன். அந்த வலையொலிக்காரரை இவ்வளவு கடுமையாகச் சாடும் தகுதி எனக்கு உண்டா என்ற ஐயம் அன்று தோன்றியது. தகுதி இல்லாவிடினும் வழக்குச் சரியானதே என்பதால் எழுதுகிறேன்.

வலையொலி நடத்தும் மாணவரிடம் நான் கேட்பது சிறியது. அதிதியைப் பற்றிய முன்னுரையை அதிதியே எழுதட்டும். எழுதாத வரியை வாசிக்காதீர். ஊரைச் சொன்னால் கேட்டுக்கொண்டு பொருளுக்குத் திரும்புக. முதல் வினாவை அவரே கேட்கட்டும். தொகுப்பாளர் என்ற பெயரைக் கொடுத்துவிட்டு அவரைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுவது எவ்வகையிலும் நேர்மையன்று. உங்களோடு உடன்படாத ஒருவரை ஆண்டுக்கு நான்கு தடவையேனும் அழையுங்கள். அனிமேயை வெறுக்கும் பேராசிரியராயினும் சரி. அவர் வரமாட்டார் என்று நினைக்கவேண்டாம். பிரதம அதிதி என்று கடிதத்தில் எழுதினால் வருவார்.

அவ்விளைஞர் இப்போது தாமே ஒரு வலையொலியைத் தொடங்கியிருக்கின்றார். நண்பர் இருவர் உடன் இருக்கின்றனர். ஒருவர் மாத்தளை, மற்றவர் எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. அறையின் சுவர் மெல்லியது. ஆகவே கம்பளியால் தலையை மூடிக்கொண்டு, ரயில் ஓசையும் அயலார் தொலைக்காட்சியும் ஓய்ந்தபின் இரவில் ஒலிப்பதிவு செய்கின்றனர். கமுய் கதையைப் பற்றி மூன்று நிகழ்ச்சிகள் தயாராகின்றன. ஆங்கில மொழிபெயர்ப்பில் ஹினின் என்ற சொல்லை எவ்வாறு கையாண்டிருக்கிறார்கள் என்பதில் அவர்களுக்குள் பெரிய வாக்குவாதம் நிகழ்ந்துகொண்டிருக்கின்றது. ஜப்பானிய மொழி அறிந்த விரிவுரையாளர் ஒருவரைத் தேடுகின்றனர். செல்ல விரும்புவோர் அச்சொல்லைப் பற்றிய குறிப்புகளோடு செல்லவேண்டும். இரவு ஒன்பதரைக்கு முன் அழைப்பதிற் பயனில்லை.